கிழக்கு பார்த்த மிஷின்

புகழேந்தி தன் மனைவியின் வலது கை நகங்களை வெட்டிக்கொண்டிருந்தான். சொல்லத்தான் சுலபம். செம்மொழிக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து அந்தக் கை இறுக மூடியே கிடந்தது. விரலை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, நகத்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் நகவெட்டியை நுழைக்க வேண்டும். பாதி வெட்டுவதற்குள் விரல் மறுபடி சுருண்டுகொள்ளும். நான் பக்கத்தில் நின்று, மணிக்கட்டை முதலில் உள்பக்கமாக மடக்கு, விரல் தானாகத் தளரும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அரசு மருத்துவமனையில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நோயாளிகள் என்னிடமிருந்து தப்பித்துவிட்டார்கள். தம்பியும் தம்பி மனைவியும் மாட்டிக்கொண்டார்கள்.

அன்று சுண்டுவிரலைப் பிரித்தபோது, நகம் பதிந்த இடத்தில் தோல் கிழிந்திருந்தது. செம்மொழி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். எதையும் மறைக்கத் தெரியாத முகங்கள் எங்களுடையவை.

"என்னங்க, ரத்தமா?" என்றாள்.

"லேசாத்தான்" என்றான் புகழேந்தி.

லேசாக இருந்தாலும் விஷயம் பெரியது. கை இப்படியே மூடிக் கிடந்தால் தசை குறுகிவிடும். அப்புறம் யார் இழுத்தாலும் திறக்காது. தினமும் கொஞ்ச நேரமாவது விரல்களை விரித்து எதன் மேலாவது படுக்க வைத்துக் கட்ட வேண்டும். அதற்கென்று தஞ்சாவூரில் வாங்கிவந்த பிளாஸ்டிக் பட்டை ஆம்பளை ஆளின் கைக்குச் செய்தது. வியர்வையில் அவளுக்கு அரிப்பு வந்தது. ஒரு நாள் இடது கையால் கழற்றி ஜன்னல் வழியாக வீசிவிட்டாள். இப்போது அது எங்கள் கிணற்றடியில் சோப்பு வைக்கப் பயன்படுகிறது. அதற்காவது உதவுகிறதே என்று நான் எடுத்து வைத்தேன்.

இனிமேல் எதையும் கட்ட மாட்டேன் என்று அவள் சொன்னாள். நான் அதட்டினேன், கெஞ்சினேன், குறுகிப்போன கைகளைப் பற்றிப் பயமுறுத்தும் கதைகள் சொன்னேன். வார்டில் இந்த மூன்றும் பலித்திருக்கின்றன. செம்மொழி சத்துணவு அமைப்பாளராக இருந்து, ஒரு பள்ளிக்கூடத்தையே கரண்டியால் ஆண்டவள். அவளிடம் பலிக்கவில்லை. கடைசியில் என் வாயை மூடுவதற்காக, மரத்தில் இருந்தாலாவது வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லிவைத்தாள்.

அவள் சும்மா சொன்னாள். புகழேந்தி அதைப் பிடித்துக்கொண்டான்.

புகழேந்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு அடுத்துப் பிறந்தவன். நெல் கொள்முதல் நிலையத்தில் பில் எழுத்தராக இருந்தவன். நெல்லின் ஈரப்பதத்தை அளந்து அளந்து, அளக்காத எதையும் நம்பாத ஆளாகிவிட்டான். கொல்லையில் காயும் வடகத்தில்கூட ஈரம் பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்து, செம்மொழியிடம் வசவு வாங்கியிருக்கிறான். வீட்டில் ஒரு சங்கடம் வந்தால் மற்ற ஆம்பளைகள் டீக்கடைக்குப் போவார்கள். இவன் ஒரு மிஷின் செய்வான். பிள்ளை வெளிநாட்டு வேலைக்குப் போன வருஷம் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி செய்தான். அதில் ஒரே ஒரு குஞ்சு பொரிந்தது. அதுவும் பெட்டியைத் துடைப்பதற்காக வெளியே எடுத்து வைத்திருந்த முட்டையிலிருந்து. எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது சூரிய வெயிலில் மிளகாய் காயவைக்கும் கண்ணாடிப் பெட்டி. நான் பிழைத்துக்கொண்டேன், மிளகாய் கருகிப்போனது. ஒவ்வொரு தடவையும் நான் கேலி செய்வேன். ஒவ்வொரு தடவையும் ஸ்குரூவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவளும் நான்தான்.

இந்தத் தடவையும் சொல்லிப் பார்த்தேன். ஆசாரியிடம் ஒரு பூவரசங்கட்டையைக் கொடுத்தால் அரை நாளில் செதுக்கித் தருவார், எதற்கு மிஷின் என்றேன். ஆசாரி கண்ணால் அளப்பார், தனக்கு இம்மியும் பிசகக் கூடாது என்றான். உண்மையான காரணம் அதுவல்ல என்று எனக்குத் தெரியும். அந்தக் கையைச் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார அவனால் முடியவில்லை. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவன் ஆர்டர் போட்ட பெட்டி வந்ததும், பிரிக்கக் கத்திரிக்கோல் எடுத்துக் கொடுத்தேன்.

வந்தது சிஎன்சி ரௌட்டர். கம்ப்யூட்டரில் ஒரு படம் வரைந்தால், அதே கோட்டில் மரத்தைச் செதுக்குகிற சின்ன மிஷின். அலுமினியச் சட்டம், மூன்று மோட்டார், கீழே சுழல்கிற ஒரு கூரான பிட். ஒரு மோட்டார் இடம் வலமாக நகர்த்தும், இன்னொன்று முன்னும் பின்னும், மூன்றாவது மேலும் கீழும். ரௌட்டர் என்றதும் நான் இன்டர்நெட் பெட்டி என்று நினைத்தேன். நான் மட்டுமல்ல. அடுத்த வீட்டு ஹபீபுன்னிசா வேலியோரம் வந்து நின்று, புதிதாக ரௌட்டர் போடுகிறீர்களாமே, ஷார்ஜாவில் இருக்கிற மகன் ஜாஹித்தோடு வீடியோவில் பேசினால் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது, எங்கள் வீட்டுக்கும் சிக்னல் எட்டுமா என்று கேட்டாள். நான் பெரிய விவரக்காரி போல, எட்டும், பாஸ்வேர்டு கேட்டு வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பிறகு அந்தம்மாவைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய் மிஷினைக் காட்ட வேண்டியதாயிற்று.

"இதுலயா சிஸ்டர் வைஃபை வருது?" என்றாள்.

"இதுல தூசிதாம்மா வரும்" என்றேன்.

மாடுகள் போன பிறகு காலியாகக் கிடந்த கொட்டகைதான் பட்டறை. ஐப்பசி மழை ஆரம்பித்திருந்தது. குடமுருட்டி ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. ஓட்டு இடுக்கில் ஒழுகுகிற இடங்களுக்குக் கீழே வாளி வைத்தோம். சட்டத்தை முடுக்கி, மோட்டார்களைப் பொருத்தி, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, மறுபடி கழற்றி முடுக்கினான். நான் டார்ச் பிடித்தேன். இந்த மிஷினுக்கும் ஐசியூவில் வைக்கிற மிஷினுக்கும் பெரிய வித்தியாசமில்லை, தளராமல் பூட்ட வேண்டும், ஒயர் காலில் சிக்கக் கூடாது என்று உபதேசமும் செய்தேன். சொல்லிவிட்டுத் திரும்பும்போது ஒயர் என் காலில்தான் சிக்கியது.

எல்லாம் பூட்டியாயிற்று. எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்கிற கேள்வி வந்தது. இங்கேதான் நான் என் திறமையைக் காட்டினேன்.

எங்கள் அப்பா பஞ்சாங்கத்தை வீட்டு வாசற்படி ஏற விடாதவர். பிள்ளைகளுக்கு வைத்த பேரைப் பார்த்தாலே தெரியும். மருமகளைக்கூடப் பேரைக் கேட்டுத்தான் பிடித்தார் என்று ஊரில் சொல்வார்கள். ராகு காலத்தில் பெண் பார்த்து, எமகண்டத்தில் நிச்சயம் செய்து, என்னை அஷ்டமியில் வேலையில் சேரச் சொன்னவர். நானும் ஆயுசு முழுக்க அப்படியே இருந்தவள். ஆபரேஷனுக்கு நல்ல நேரம் கேட்கிற உறவினர்களை வார்டில் என்ன பேச்சுப் பேசியிருக்கிறேன்.

அப்படிப்பட்ட நான், "கிழக்கு பாத்து நின்னு வேல செய்யறாப்ல வைடா" என்றேன்.

ஏன் என்று கேட்டான். அந்தப் பக்கம்தான் வெளிச்சம் என்றேன். வெளிச்சம் மேற்கு வாசலில்தான் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் திருப்பி வைத்தான்.

அடுத்தது ஆரம்பப் புள்ளி. இந்த மிஷின் எப்போதும் தன் வேலையை ஒரு மூலையிலிருந்து எண்ணத் தொடங்கும். நிற்கிறவருக்குக் கிட்டத்தில், இடது பக்க மூலை. கிழக்கு பார்த்து நின்றால் அது வடமேற்கு. நல்ல காரியம் தொடங்குகிற ஈசானிய மூலை, அதாவது வடகிழக்கு, எதிர்ப்பக்கத்து இடது மூலை. நான் அந்தக் கணக்கையெல்லாம் மனதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டு, கிட்ட இருக்கிற மூலையில் ஒழுகுகிறது, அந்த மூலையில் ஆரம்பிக்கிற மாதிரி செய்ய முடியாதா என்று கையைக் காட்டினேன். அந்த மூலையில் ஒழுகல் இல்லை என்பது உண்மை. ஆனால் கிட்டத்து மூலையும் நனையவில்லை.

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அவனும் அதே அப்பாவுக்குப் பிறந்தவன்தான். எனக்கென்றால் நான் தெற்கு பார்த்து நின்று எமகண்டத்தில் ஆரம்பித்திருப்பேன். செய்யப்போவது செம்மொழியின் கை. நம்பிக்கையெல்லாம் கிடையாது, எதற்கு வம்பு என்றுதான். அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான். செய்யலாமே, முன்னும் பின்னும் போகிற மோட்டாரின் ஒயரைத் திருப்பிச் சொருகினால் எதிர்ப்பக்கமாக ஓடும், ஆரம்பம் அந்த மூலைக்குப் போய்விடும் என்றான். இவ்வளவு சுறுசுறுப்பாக என் பேச்சை அவன் கேட்டதே இல்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பழைய ஒட்டுப்பலகையில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தான். அருமையான வட்டம். சதுரம் போட்டான், மூலைமட்டத்துக்குச் சரியாக வந்தது. எட்டிதழ்ப் பூ ஒன்று போட்டதும் நான் அதை எடுத்துப்போய் ஹபீபுன்னிசாவிடம் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டேன்.

இனி கைப்பலகை. செம்மொழியின் வலது கையை அளக்க வழியில்லை, அது மூடிக் கிடக்கிறது. அதனால் நன்றாக இருக்கிற இடது கையைக் காகிதத்தில் விரித்து வைத்து, சுற்றி வரைந்து, விரல் பருமன்களையும் எடுத்துக்கொண்டான். கம்ப்யூட்டரில் அதைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பினான். இடது கை வலது கையாயிற்று. ஐந்து விரலுக்கும் ஐந்து பள்ளம், உள்ளங்கைக்கு ஒரு மேடு, பட்டை கட்ட இரண்டு பக்கமும் துளை. கீழ் ஓரத்தில் அவள் பேரையும் எழுதினான். பேர் எதற்கு, வார்டில்தான் தலையணைக்கெல்லாம் பேர் எழுதுவோம் என்றேன். அழகுக்கு என்றான்.

செம்மொழி காகிதத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டே தன் நிபந்தனையைச் சொன்னாள். அவள் பேச்சு இப்போது கொஞ்சம் நிதானம். ஆனால் அழுத்தம் குறையவில்லை.

"அண்ணி, நல்லா கேட்டுக்குங்க. ஒரு தடவ வெச்சுப் பாப்பேன். சரியா வரலன்னா, அப்புறம் நீங்க ரெண்டு பேரும் இந்தக் கையப் பத்திப் பேச்சே எடுக்கக் கூடாது."

சரி என்று புகழேந்தி முந்திக்கொண்டு தலையாட்டிவிட்டான். சொன்ன வார்த்தையிலிருந்து அவள் இறங்கி நான் பார்த்ததில்லை. முதல் தடவையே சரியாக வந்தாக வேண்டும்.

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் பூவரசம்பலகையை இறுக்கி வைத்து மிஷினை ஓட்டினோம். கிழக்கு பார்த்து நின்றோம். பிட் ஈசானிய மூலையில் இறங்கி, எங்களை நோக்கி வரி வரியாகச் செதுக்கிக்கொண்டு வந்தது. பூவரசந்தூள் மஞ்சளாகப் பறந்து இரண்டு பேர் தலையிலும் உட்கார்ந்தது. கரண்ட் போகக் கூடாதே என்று நான் மனதுக்குள் யாரிடமோ வேண்டிக்கொண்டேன். யாரிடம் என்று அப்பா கேட்டால் பதில் கிடையாது. கரண்ட் போகவில்லை. சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே வேலை முடிந்தது. பலகையை அப்படியே கழற்றி, முந்தானையால் தூசியைத் தட்டிக்கொண்டே, கூடத்துக்குப் பாதி ஓட்டமாக எடுத்துப்போனோம். ஹபீபுன்னிசாவும் பின்னாலேயே வந்தாள்.

செம்மொழி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பலகையை அவள் மடியில் வைத்தேன். அவளுடைய வலது கையை வெந்நீரில் வைத்துத் தளர்த்தி, விரல்களைப் பிரித்து, பலகை மேல் கொண்டுபோனேன். கட்டைவிரலை வைக்கப் போன இடத்தில் சுண்டுவிரல் பள்ளம் இருந்தது. கட்டைவிரலுக்கான பெரிய பள்ளம் அந்தப் பக்கம் இருந்தது. எத்தனையோ கைகளைக் கட்டிப் பிரித்தவள் நான். என் அனுபவத்தையெல்லாம் திரட்டி, பலகையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். இப்போது கட்டைவிரல் சரியான பக்கம் வந்தது, விரல் நுனிகள் முழங்கையைப் பார்த்தன.

செம்மொழி பலகையைத் தன் பக்கம் திருப்பி, இடது கையை அதில் வைத்தாள். ஐந்து விரலும் கையுறைக்குள் போகிற மாதிரி போய் உட்கார்ந்தன. இம்மி பிசகவில்லை.

"அண்ணி, இது நல்லா இருக்கற கைக்கு" என்றாள். "இந்த வீட்ல உருப்படியா வேல செய்யறதே இந்த ஒரு கைதான். அதையும் கட்டிப் போடணுமா?"

புகழேந்தி முகம் வெளுத்துவிட்டது. கம்ப்யூட்டரில் திருப்ப மறந்துவிட்டேன், என் தப்புதான் என்று ஓடிப்போய் அதைத் தூக்கிக்கொண்டு வந்தான். திறந்து பார்த்தால் படம் சரியாகத்தான் திருப்பியிருந்தது, வலது கைதான். பிறகு அது வலதா இடதா என்று எங்களுக்கே குழப்பம் வந்து, அவனும் நானும் கையை முகத்துக்கு நேரே தூக்கித் தூக்கிப் பார்த்தோம். உள்ளங்கையை மேலே காட்டினால் ஒன்று, கீழே காட்டினால் இன்னொன்று. வெளியிலிருந்து யாராவது பார்த்திருந்தால், பக்கவாதம் யாருக்கு என்று கேட்டிருப்பார்கள்.

ஹபீபுன்னிசாதான் குனிந்து பலகையின் ஓரத்தைப் பார்த்தாள். "சிஸ்டர், இந்த எழுத்து என்ன இப்படி இருக்கு? ஆம்புலன்ஸ் முன்னாடி எழுதியிருப்பாங்களே, அது மாதிரி" என்றாள்.

செம்மொழி என்கிற பேர் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பிக் கிடந்தது. ஆயுசு முழுக்க ஆம்புலன்ஸுக்கு எதிரே நின்றவள் நான். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பேரைக் கம்ப்யூட்டரில் யாரும் திருப்பவில்லை. ஆக, திருப்பியது மிஷின். ஒரு மோட்டாரை மட்டும் எதிர்ப்பக்கம் ஓட வைத்தால், அது போடுவதெல்லாம் கண்ணாடிப் பிம்பமாகத்தான் வரும். வட்டத்துக்கும் சதுரத்துக்கும் பூவுக்கும் இடம் வலம் கிடையாது, அதனால் அவை காட்டிக்கொடுக்கவில்லை.

புகழேந்தி மெதுவாக என் பக்கம் திரும்பினான். நான் கூரையைப் பார்த்தேன்.

"எதுக்குங்க ஒயரத் திருப்புனீங்க?" என்றாள் செம்மொழி.

"அக்காதான், அந்த மூலையில ஆரம்பிக்கச் சொன்னாங்க" என்றான்.

"எந்த மூலை?"

ஒழுகல் என்று ஆரம்பித்தேன். அவள் கண்ணைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, "ஈசானிய மூலை" என்றேன்.

"நிக்கறது?"

"கிழக்கு பாத்து" என்றான் அவன்.

செம்மொழிக்கு முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் சத்தமாகவே சிரித்தாள். வாய் ஒரு பக்கம் மட்டும் விரிகிற சிரிப்பு. நோய் வந்த பிறகு நான் கேட்கிற முதல் சிரிப்பு அது. சுவரில் மாட்டியிருந்த எங்கள் அப்பா படத்தை இடது கையால் காட்டினாள்.

"ரெண்டு பேரும் போயி, மாமா முன்னாடி நின்னு சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க, அவருக்குக் காதுல விழணும்."

நாங்கள் நகரவில்லை. ஹபீபுன்னிசா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் செம்மொழி பலகையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். முகம் பழையபடி ஆகிவிட்டது.

"சரி. ஒரு தடவன்னு சொன்னேன். வெச்சுப் பாத்தாச்சு. இனிமே கையப் பத்திப் பேச்சில்ல."

புகழேந்தி தலையைக் குனிந்துகொண்டான். வாக்குக் கொடுத்தவன் அவன். அவன் பேச மாட்டான். நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. தலையாட்டியதும் அவன், ஒப்புக்கொண்டதும் அவன். அதுவுமல்லாமல், அடாவடியாகப் பேசுவது என் தொழில்.

"வெச்சுப் பாத்தது எந்தக் கை?" என்றேன்.

அவள் கீழே கிடந்த பலகையைப் பார்த்தாள்.

"ஒரு தடவ வெச்சுப் பாக்கறேன்னு நீ சொன்னது வலது கைய. இன்னிக்கு வெச்சது இடது கை. நல்ல கைய வெச்சுப் பாத்துட்டு, அந்தக் கையோட முறைய நீ எப்படி எடுத்துக்குவ? வரிசையில நிக்காத புள்ளைக்குச் சாப்பாடு போட்டுட்டு, நின்ன புள்ளையப் போன்னு சொல்லுவியா?"

செம்மொழி என்னைப் பார்த்தாள். தன் வலது கையையும் பார்த்தாள். அது மடியில் மூடிக் கிடந்தது.

"வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீங்க" என்றாள். பிறகு, "பேரு வேணாம். பள்ளிக்கூடத்துத் தட்டு மாதிரி இருக்கு" என்றாள்.

மறுநாள் காலையில் நான் காப்பி போடுவதற்குள் புகழேந்தி ஒயரைப் பழையபடி மாற்றிச் சொருகிவிட்டிருந்தான். ஆரம்பம் கிட்டத்து மூலைக்கு வந்துவிட்டது. முதலில் ஒட்டுப்பலகைத் துண்டில் ஒரே ஒரு எழுத்து வெட்டிப் பார்த்தான். நேராக வந்தது. அதற்கப்புறம் பூவரசு. நான் வெளிச்சம் இருக்கிற மேற்கு வாசலில் உட்கார்ந்துகொண்டேன், எந்தப் பக்கமும் கை காட்டவில்லை. பலகை வந்ததும் ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவினேன்.

செம்மொழியின் கையை வெந்நீரில் வைத்து, மணிக்கட்டை மடக்கி, முதலில் கட்டைவிரலை வெளியே எடுத்தேன். அது அதன் பள்ளத்தில் போய்ப் படுத்தது. மற்ற விரல்கள் ஒவ்வொன்றாக வந்தன. சுண்டுவிரல் முழுக்க நிமிரவில்லை, பாதி வளைந்தபடி நின்றது. அது போதும், நாளாக ஆக இறங்கும் என்று சொல்லிப் பட்டையைக் கட்டினேன். புகழேந்தி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே வரவில்லை.

அவள் பலகையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் இட்லி சாப்பிட்டாள். கழற்றச் சொல்லுவாள் என்று நான் காத்திருந்தேன். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "ஏங்க, இந்தச் சுண்டுவிரல் பள்ளம் ஓரத்துல உறுத்துது. கொஞ்சம் ராவிக் கொடுங்க, மறுபடி கட்டிக்கறேன்" என்றாள்.

நான் பட்டையை அவிழ்த்துப் பலகையை அவனிடம் கொடுத்தேன். அவன் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தான். அவன் தேய்த்து முடிக்கும் வரைக்கும் நான் அவள் விரல்களைப் பிரித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.